பேப்பர் தட்டி எந்தப் பிரிவு?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பஸ்சுக்கு நிற்கிறேன். வழக்கம்போலப் பேப்பருக்குக் கையை நீட்டினால்... பேப்பரோடு சேர்த்து ஒரு கடிதமும் கைக்கு வருகிறது.

“இதை வாசிங்க சேர்” என்றார் பேப்பர் விற்கும் பிலோ அக்கா.

“ஏன், நீங்க வாசிக்கல்லையா?”

“வாசிச்சிட்டன். திரும்பவும் வாசிச்சன். தமிழ்லதான் இரிக்கி. ஆனா ஒண்டும் விளங்கல்ல.”

நானும் வாசித்தேன். ‘பொதுமக்களின் தங்குதடையற்ற நடமாட்டத்துக்கு இடையூறு விளைவிக்கும் வகையில், உரிய அனுமதிப்பத்திரமின்றி, தங்களால் நிறுவப்பட்டுள்ள கட்டமைப்பினை...’ என்று தொடங்கிய வாக்கியம் கடிதத்தின் அடிவரை போய், கையொப்பத்துக்கு மேலே வந்துதான் மூச்சு விட்டது. பிரதேச சபை சொல்லும் சாரம் இவ்வளவுதான்: லைசன்ஸ் எடு. இல்லையென்றால் இரண்டு வாரத்துக்குள் தூக்கிக்கொண்டு போ.

கட்டமைப்பு! அது என்ன என்று நீங்கள் பார்க்க வேண்டும். நாலு கால் வைத்த ஒரு பலகை. அதன் முதுகில் கம்பி இழுத்த மரச்சட்டம். கம்பியில் உடுப்புக் காயப்போடும் கிளிப்புகள். கிளிப்புகளில் அன்றைய பேப்பர்கள். மழைக்கு மேலே ஒரு நீல நிறப் படங்கு. இதைத்தான் நாங்கள் ‘பேப்பர் தட்டி’ என்கிறோம். பெரிய காற்று அடித்தால் பிலோ அக்கா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தளவுதான் கட்டமைப்பு.

பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என் காலைப்பொழுது தெரியும். வாவிக்கரை வீதி, பஸ் தரிப்பிடம், அங்கிருந்து வந்தாறுமூலை. பல்கலைக்கழக வளாகத்து ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. ஊரின் பெயரை மட்டும் இந்த வாரம் சொல்லப்போவதில்லை. சொன்னால் சபையின் பெயரும் தெரிந்துவிடும். சபைக்காரர்களும் என் வாசகர்கள்தான் – அதுவும் பிலோ அக்காவிடம் பேப்பர் வாங்கி!

பிலோமினா என்பது முழுப்பெயர். கரையோரக் கிராமத்திலிருந்து முதல் பஸ்சில் வருவார். கொழும்பிலிருந்து வரும் வான் பேப்பர்க் கட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகும்போது அவர் நடைபாதையில் தயாராக நிற்பார். கணவர் சுகமில்லாமல் வீட்டோடு. மகள் தாதியர் பயிற்சியில். வீடு ஓடுவது இந்தப் பலகையின் நாலு காலில்தான்.

‘இந்தக் காலத்தில் யார் ஐயா பேப்பர் வாங்குகிறார்கள்?’ என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். அதற்கு பிலோ அக்கா சொன்ன பதில்: “வேலை தேடுற ஆக்கள் வாங்குறாங்க. மாப்பிள்ளை தேடுற ஆக்கள் வாங்குறாங்க. ஆர் செத்துப் போன எண்டு தேடுற ஆக்களும் வாங்குறாங்க. நாட்டு நடப்புப் பாக்கிற ஆக்கள்... அவங்க வாங்கிறல்ல சேர். நிண்டுக்கிட்டே வாசிச்சிட்டுப் போயிருவாங்க.”

உண்மை. அந்தத் தட்டியின் முன்னால் காலையில் எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி, முன்பக்கத்தை முழுதாக மேய்ந்துவிட்டு பஸ் ஏறும் கூட்டம். அவர் ஒருநாளும் ஒருத்தரையும் விரட்டியதில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்களையும் தொங்க விட்டிருப்பார். பிள்ளைகள் விடை சொல்லிப் பார்ப்பார்கள். அம்மாமார் வாங்குவார்கள்.

“சபைக்குப் போகணும் சேர். நீங்களும் வாங்க” என்றார்.

“நான் எதுக்கு?”

“நீங்க பேப்பர்ல எழுதுறீங்க. நான் பேப்பர் விக்கிறன். நான் இல்லாட்டி உங்களை ஆர் வாசிக்கிற?”

அரைநாள் லீவு போட்டேன்.

சபையில் எங்களை ஒரு இளம் உத்தியோகத்தரிடம் அனுப்பினார்கள். மரியாதையான பிள்ளை. கதிரை தந்து இருக்கச் சொன்னார். கணினியைத் திறந்தார்.

“என்ன வியாபாரம் அம்மா?”

“பேப்பர், மிஸ்.”

“பேப்பர் எண்டா... கடதாசிப் பையா?”

“இல்ல மிஸ், நியூஸ் பேப்பர்.”

அவர் திரையில் மேலும் கீழும் தேடினார். மரக்கறி இருந்தது. மீன் இருந்தது. பூ, லொத்தர் சீட்டு, விளையாட்டுச் சாமான், அவித்த சோளம், எல்லாம் இருந்தன. நியூஸ் பேப்பர் இல்லை.

“சரி, ‘ஏனையவை’ எண்டு போடுவம். நடமாடும் வியாபாரமா, நிலையான வியாபாரமா?”

“அது என்ன மிஸ்?”

“ஒரு இடத்தில நிண்டு விக்கிறீங்களா, சுத்தித் திரிஞ்சி விக்கிறீங்களா?”

“நிண்டுதான்.”

“அப்ப நிலையானது. நிலையானதுக்கு சுவர், கூரை, தண்ணி வசதி, மலசலகூடம், தீயணைக்கிற சிலிண்டர்...”

“மிஸ், நான் வெயில் ஏறினவுடன எல்லாத்தையும் மடிச்சிக் கட்டிட்டுப் போயிருவன்.”

“அப்ப நடமாடும் வியாபாரம்” என்றார் உத்தியோகத்தர், மகிழ்ச்சியாக. பிறகு திரையைப் பார்த்தார். முகம் வாடியது. “ஆனா அப்படியெண்டா ஒரே இடத்தில கனநேரம் நிக்கப்படாது.”

பிலோ அக்கா யோசித்தார். “அப்ப நான் பேப்பரோட நடந்துக்கிட்டே இரிக்கணுமா? வாசிக்கிற ஆக்கள் எனக்குப் பின்னால வாறதா?”

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சட்டம் எழுதக்குள்ள பேப்பரை ஆரும் நினைக்கல்ல போல. நான் மேல கேட்டுப் பாக்கிறன் அம்மா. ஆனா ஒரு விசயம்... இது சும்மா போன கடிதம் இல்ல. உங்கட தட்டியைப் பத்தி முறைப்பாடு வந்திருக்கு. வெள்ளிக்கிழமை தொழினுட்ப உத்தியோகத்தர் வந்து பாப்பார்.”

“முறைப்பாடா? ஆரு?”

“அது சொல்லேலா.”

வெளியே வரும்போது பிலோ அக்காவின் முகம் மாறியிருந்தது. லைசன்ஸ் இல்லை என்பது ஒரு விஷயம். ஒருத்தர் நம்மைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது வேறு விஷயம். முதலாவது சட்டம். இரண்டாவது... மனிதர்கள்.

“எனக்குத் தெரியும்” என்றார் பஸ் தரிப்பிடத்துக்கு வந்ததும். “குணம் முதலாளி.”

குணம் முதலாளி, தட்டிக்குப் பக்கத்துப் புடவைக்கடைக்காரர். கடையைப் புதுப்பித்தபோது பளபளக்கும் கிரனைட் கல்லில் படி கட்டினார். படி கடைக்குள் அடங்கவில்லை. நடைபாதைக்கு இறங்கி, அதன் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு உட்கார்ந்தது. அந்தப் படிக்கு மேலே கண்ணாடிக்குள் சேலை உடுத்திய பொம்மைகள். தட்டி அவற்றை மறைக்கிறது என்று முன்பொருமுறை முணுமுணுத்திருக்கிறார். வேறு சாட்சி வேண்டுமா?

மறுநாள் குணம் முதலாளி வழக்கம்போல வந்து கையை நீட்டினார்.

“முடிஞ்சி” என்றார் பிலோ அக்கா.

“என்ன முடிஞ்சியா? இஞ்ச குவிஞ்சு கிடக்கே!”

“இது லைசன்ஸ் இல்லாத பேப்பர் முதலாளி. உங்களுக்கு ஒத்துவரா.”

அவர் என்னைப் பார்த்தார். நான் வாவியைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. தொழினுட்ப உத்தியோகத்தர் வந்தார். கையில் அளவு நாடா. பஸ்சுக்கு நின்றவர்கள், நின்று வாசிக்கிறவர்கள், சும்மா போனவர்கள் என்று ஒரு சிறு கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் பிலோ அக்கா பக்கம். குணம் முதலாளி தன் படியின் மேல் கைகட்டி நின்றார். நான் மனதுக்குள் இந்தப் பத்தியை எழுதத் தொடங்கியிருந்தேன். ஏழைப் பெண், பணக்காரக் கடை, கண்ணில்லாத சட்டம்... வாக்கியங்கள் தாமாக வந்து வரிசையில் நின்றன.

அப்போது ஒரு ஓட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒருவர் முதலில் மடித்த சக்கர நாற்காலியை இறக்கினார். பிறகு றமீஸை இறக்கி அதில் இருத்தினார்.

றமீஸை இந்த வீதியில் எல்லோருக்கும் தெரியும். ஏறாவூர்ப் பிள்ளை. முப்பது வயது மட்டில். கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் திரும்பி வந்தார். இப்போது இதே நடைபாதையின் மறுகோடியில் சின்னதாக ஒரு போன் ரிப்பெயார் கடை. என் போனுக்கும் அவர்தான் வைத்தியர். வாசலில் பக்கத்து ஹாட்வெயார் கடை லொறிகள் சாமான் இறக்கிக்கொண்டிருக்கும் என்பதால், மச்சான் தன் ஓட்டோவில் அவரைப் பஸ் தரிப்பிடத்தில்தான் இறக்கிவிடுவார். அங்கிருந்து தானே உருட்டிக்கொண்டு போவார்.

அன்று உருட்டிக்கொண்டு நேரே உத்தியோகத்தரிடம் வந்தார்.

“முறைப்பாடு நான் போட்டது சேர்.”

பிலோ அக்கா கையிலிருந்த கிளிப்பைப் பலகையில் வைத்தார்.

“நீங்களா மகனே?”

“நான்தான் அக்கா.”

“எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னனே அக்கா. சொன்ன அண்டைக்கு ஓரமா இழுத்து விட்டீங்க. மறுநாள் பாத்தா பழைய இடத்தில. திரும்பச் சொன்னன். அண்டைக்கும் இழுத்தீங்க. மறுகா பழையபடிதான்.” அவர் குரல் உயரவில்லை. “நாள் தவறாம ‘வழி விடுங்க, வழி விடுங்க’ எண்டு கேக்க எனக்கு வெக்கமா இரிந்திச்சி. மத்த ஆக்கள் அப்படிக் கேட்டுக்கிட்டா போறாங்க?”

பிலோ அக்கா குனிந்து பலகையின் கால்களைப் பார்த்தார்.

பிறகு றமீஸ் சொன்னார். தட்டியடியில் வழி இல்லாமல் வீதிக்கு இறங்கினால், திரும்ப மேலே ஏற எங்கேயும் சரிவு இல்லை. படி வரும். அடுத்து ஜெனரேட்டர் கூடு வரும். சீமெந்து மூட்டைகள் வரும். கடைசிவரை வாகனங்களோடுதான் போக வேண்டும். சில வாரங்களுக்கு முன் ஒரு பின்னேரம், கடை பூட்டிவிட்டுத் திரும்பும்போது, அந்தக் கிரனைட் படிக்கு நேரே ஒரு டிப்பர் அவரை ஒட்டி வந்தது. விலகப் போய் ஒரு சில்லு வீதியோர வடிகானுக்குள் இறங்கிவிட்டது. நாற்காலி சரிந்தது. அவர் வீதியில் கிடந்தார்.

“டிப்பர் பிறேக் அடிச்சான். அல்லாஹ் காப்பாத்தினான். அண்டைக்குத்தான் எழுதினன்.”

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாரென்று எனக்குத் தெரியும், இங்கே வேண்டாம். “ஏறாவூர்ல இருந்து வந்து எங்கட ஊர்ச் சனத்துட வயித்துல அடிக்கிறானுகள். பாத்துக்கிட்டா இரிக்கிற?”

தமிழரும் முஸ்லிம்களும் மோதிக்கொண்ட எங்கள் பக்கத்தில் இப்படியொரு வசனம் எங்கே போய் நிற்கும் என்று எங்களுக்குத் தெரியும். நாலு பேர் தலையாட்டினால் போதும். நான் உத்தியோகத்தரைப் பார்த்தேன். அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

பிலோ அக்கா நிமிர்ந்தார்.

“ஊர்ப் பேரை இதுக்குள்ள இழுக்காதீங்க!” என்றார். “அவர் கேட்டது வழி. என்ட தட்டி நிக்கிறது அவர்ட வழியில. அவ்வளவுதான் கதை. வேற கதை கதைக்கிறதெண்டா உங்கட வீட்டை போய்க் கதைங்க. பஸ் வந்திட்டு, ஏறுங்க!”

உண்மையாகவே பஸ் வந்திருந்தது. அந்த மனிதர் ஏறிப் போய்விட்டார். கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது.

றமீஸ் உத்தியோகத்தர் பக்கம் திரும்பினார். “சேர், நான் அக்காட தட்டியை மட்டுமா சொன்னன்? படி, ஜெனரேட்டர், சீமெந்து, சபை வச்ச பூச்சாடி... எல்லாத்தையும்தானே சொன்னன். மத்ததுகளுக்குக் கடிதம் போகல்லையா?”

உத்தியோகத்தர் நல்ல மனிதர். அதனால்தான் சங்கடப்பட்டார். “படி நிலையான கட்டடம் தம்பி. அது வேற பிரிவு. பிளான் பாத்து, விளக்கம் கேட்டு... நாள் எடுக்கும். பூச்சாடி அழகுபடுத்தல் பிரிவு.”

“அப்ப இது?”

அவர் தட்டியைப் பார்த்தார். “இது... தூக்கக்கூடியது.”

இவ்வளவு நேர்மையான விளக்கத்தை ஒரு அரச உத்தியோகத்தர் வாயால் நான் கேட்டதில்லை. ஒரு வீதியில் சட்டம் எங்கே தொடங்குகிறது? தவறு பெரிதாக இருக்கும் இடத்திலா? இல்லை. சுலபமாகத் தூக்கக்கூடிய இடத்தில். கிரனைட்டைத் தூக்க ஆள் வேண்டும், வழக்கு வேண்டும், வருஷம் வேண்டும். நாலு கால் பலகையைத் தூக்க ஒரு பின்னேரம் போதும்.

ஆனால் – இதையும் சொல்லத்தான் வேண்டும் – அந்தப் பலகை வழியில்தான் நின்றது. நான் மனதில் எழுதிவைத்த வாக்கியங்கள் வரிசையை விட்டுக் கலைந்து போயின.

சனிக்கிழமை பிலோ அக்கா வரவில்லை. ஞாயிறு வரவில்லை. திங்களும் செவ்வாயும் இல்லை. வான்காரர் கட்டுகளை இறக்காமல் திரும்பிப் போனதாகச் சொன்னார்கள். நடைபாதையில் நாலு கால்கள் நின்ற அடையாளம் மட்டும் இருந்தது. நின்று வாசிக்கும் கூட்டம் என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பின்னால் கட்டியபடியே கொஞ்சநேரம் நின்றது. பிறகு போனை எடுத்தது.

றமீஸ் அந்த வெற்றிடத்தினூடாகப் போனார். என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

“அக்கா எங்க சேர்?”

“வரல்ல போல.”

“போன் எடுத்தன். எடுக்கிறாவில்ல.” சில்லை இறுகப் பிடித்துக்கொண்டார். “நான் வழிதானே சேர் கேட்டன். அக்காவைப் போகச் சொல்லல்லையே.”

தட்டி இல்லாத இடத்தில் அவர் சுகமாகப் போனார். அடுத்த நிமிடம் கிரனைட் படி வந்தது. வழக்கம்போல வீதிக்கு இறங்கினார்.

புதன்கிழமை பிலோ அக்கா வந்தார். கையில் பேப்பர் இல்லை. ஒரு பெட்டி வெள்ளைச் சோக்குக் கட்டி இருந்தது. என்னைத் தாண்டி நேரே றமீஸின் கடைக்குப் போனார். நான் பஸ்ஸை விட்டுவிட்டுப் பின்னால் போனேன். (ஆய்வுகூடத் தலைவர் இதை வாசிப்பாரானால்: ஐயா, அன்று பஸ் வரவில்லை.)

“வெளிய வாங்க தம்பி” என்றார்.

“அக்கா... எதுக்கு?”

“உங்கட சில்லுக்கு எவ்வளவு இடம் வேணும் எண்டு பாக்கப் போறன். அந்தச் சேர் நாடா பிடிச்சிப் பாத்தார். ஆனா உங்களை நடக்க வச்சிப் பாக்கல்ல.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

றமீஸ் சிரித்தார். “பரவாயில்ல அக்கா. நானும் அப்படித்தான் சொல்லுற. காலையில உம்மாட்ட ‘கடைக்கு நடந்துட்டு வாறன்’ எண்டுதான் சொல்லிட்டு வெளிக்கிடுற.”

பஸ் தரிப்பிடத்திலிருந்து தொடங்கினார்கள். றமீஸ் மெதுவாக உருட்டினார். பிலோ அக்கா குனிந்து, இரண்டு சில்லுகளுக்கும் வெளியே, கை இடிக்காமல் இருக்கக் கொஞ்சம் விட்டு, இரண்டு பக்கமும் கோடு இழுத்துக்கொண்டே போனார். சேலை நிலத்தில் புரண்டது. இடுப்பைப் பிடித்து நிமிர்வார், திரும்பக் குனிவார். தட்டி நின்ற இடத்தில் கோடு நேரே பலகையின் கால் அடையாளத்துக்கு நடுவால் போனது. அவர் அதைப் பார்த்தார். தொடர்ந்து இழுத்தார்.

புடவைக்கடை வந்தது. கோடு படியில் முட்டியது. பிலோ அக்கா நிறுத்தவில்லை. நடைபாதையில் எப்படி இழுத்தாரோ அப்படியே கிரனைட்டின் மேலும் இழுத்தார்.

குணம் முதலாளி ஓடி வந்தார். “பிலோ! என்ன வேலை இது? கிரனைட்!”

“சோக்குத்தான் முதலாளி. தண்ணி ஊத்தினாப் போயிரும். உங்கட படி தண்ணி ஊத்தினாப் போகுமா?”

“நான் பிளான் பாஸ் பண்ணித்தான் கட்டினன்.”

“அது சபையோட கதைங்க. நான் கோடுதான் கீறுறன்.”

பிறகு கொஞ்சம் நிறுத்தி, “முறைப்பாடு நீங்க போட்டதெண்டு நினைச்சிட்டன் முதலாளி. அது என்ட பிழை. நாளைக்குப் பேப்பர் தாறன்” என்றார். சொல்லிவிட்டு மற்றப் பக்கக் கோட்டையும் படியின் மேல் இழுத்து முடித்தார்.

குணம் முதலாளிக்குக் கோபப்படுவதா, சமாதானமாவதா என்று தெரியவில்லை. றமீஸிடம் திரும்பினார். “தம்பி, சனம் ஏறி வரத்தானே படி? உமக்கு உடுப்பு வேணுமெண்டா சொல்லும். கடைப் பொடியன்கள் வெளிய கொண்டு வந்து காட்டுவாங்க.”

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அதுதான் சங்கடம்.

“றோட்டுல வச்சா முதலாளி?” என்றார் றமீஸ். “தங்கச்சிட கலியாணத்துக்கு உடுப்பு எடுக்க நாங்க காத்தான்குடிக்குப் போனம். முழுக் குடும்பத்துக்கும் அங்கதான் எடுத்த. அந்தக் கடையில படி இல்ல. நானும் உள்ளுக்குப் போய் இரிந்து பாத்துத்தான் எடுத்தன்.”

குணம் முதலாளி வீதியைப் பார்த்தார். ஒரு முழுக் கலியாணம் தன் கடை வாசலைத் தாண்டி காத்தான்குடிக்குப் போன காட்சியை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். வியாபாரிக்குச் சட்டத்தை விட அது நன்றாக விளங்கும்.

கோடு நடைபாதை முழுக்கப் போய் றமீஸின் கடை வாசலில் முடிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு வெள்ளைத் தண்டவாளம். அதற்குள் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று சின்னப்பிள்ளைக்கும் தெரிந்தது. ஜெனரேட்டர் கூடு உள்ளே. சீமெந்து மூட்டை உள்ளே. சபையின் பூச்சாடி – அழகாக, நட்டநடுவே.

றமீஸ் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தார். இருவரும் அதே ஓட்டோவில் சபைக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. எனக்குச் சின்ன மனவருத்தம்தான்.

செயலாளர் படங்களைப் பார்த்தாராம். பூச்சாடிப் படத்தில் கொஞ்சம் கூட நேரம் பார்த்தாராம். “தட்டியை எங்க வைக்கலாம் எண்டு நீங்களே சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறார். பிலோ அக்கா யோசித்து வைத்திருந்தார். பஸ் தரிப்பிடத்துக்கு அங்கால், பொதுநூலக மதில். அங்கே நடைபாதை அகலம். மதில் சபையுடையது. கால் வைத்த பலகை வேண்டாம்; மதிலோடு ஒட்டிச் சட்டத்தை மட்டும் கொழுவினால் றமீஸின் கோட்டுக்குள் ஒன்றும் வராது.

அப்படியென்றால் முதலே ஏன் அங்கே வைக்கவில்லை? வெயில். வாவிக்கு மேலால் வரும் காலைச் சூரியன் அந்த மதிலில்தான் விழும். பஸ்ஸும் அதற்கு முன்னாலேயே நின்றுவிடும். இது இரண்டும் பிலோ அக்காவுக்குத் தெரியாததில்லை. தெரிந்துதான் கேட்டார்.

லைசன்ஸ் வந்தது. அந்த இளம் உத்தியோகத்தர் மேலே கேட்டு, கீழே கேட்டு, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வகை என்ற இடத்தில் இப்படி இருக்கிறது: ‘நிலையான நடமாடும் வியாபாரம் – ஏனையவை’. நான் என் கண்ணால் பார்த்தேன். பிலோ அக்கா அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, புலமைப்பரிசில் வினாத்தாளுக்குப் பக்கத்தில் கிளிப்பில் தொங்க விட்டிருக்கிறார். நின்று வாசிக்கிறவர்கள் அதையும் வாசிக்கிறார்கள்.

எல்லாம் சுபம் என்று முடிக்க ஆசைதான். முடியாது. வியாபாரம் குறைந்துவிட்டது. “முந்தி மாதிரி இல்ல சேர். பஸ்ஸை விட்டுட்டு இவ்வளவு தூரம் ஆர் வாற?” என்கிறார். வெயிலுக்கு ஒரு பெரிய குடை நடலாமா என்று கேட்டதற்கு, குடை வேறு கட்டமைப்பு என்று பதில் வந்திருக்கிறது. தலையில் ஈரத்துவாய் போட்டுக்கொண்டு நிற்கிறார். “பழைய இடத்துக்குப் போக மனம் வராதா?” என்று ஒருநாள் கேட்டேன். “வரும் சேர். வெயில் சுடக்குள்ள வரும். மறுகா அந்தத் தம்பி சிரிச்சிக்கிட்டுப் போறதைக் கண்டா அடங்கிரும்” என்றார்.

பூச்சாடிகள் நூலக வளவுக்குள் போய்விட்டன. சீமெந்து மூட்டைகள் காலையில் உள்ளே போய், பின்னேரம் மெதுவாக வெளியே வந்துவிடுகின்றன. ஜெனரேட்டர் கூட்டைப் பின்பக்கம் மாற்றியாகிவிட்டது. தட்டி நின்ற இடத்துக்கு அங்கால், படிக்கு முன்னும் பின்னும் சபை சின்னதாகச் சரிவு போட்டுத் தந்திருக்கிறது. ஆகவே றமீஸ் தன் வழியின் பெரும்பகுதியை இப்போது நடைபாதையிலேயே போகிறார்.

படி? படி இருக்கிறது. அதன் கோப்பு கட்டடப் பிரிவில் இருக்கிறது. குணம் முதலாளி ஒரு மேசனைக் கூட்டிவந்து அளந்து பார்த்தார். உடைத்தால் பொம்மை நிற்கும் கண்ணாடியும் போகும் என்று மேசன் சொன்னாராம். “யோசிச்சிக்கிட்டு இரிக்கன்” என்கிறார். ஆக, அந்தப் படி அகலத்துக்கு மட்டும் றமீஸ் இன்னும் வீதிக்கு இறங்கித்தான் ஏற வேண்டும்.

அதற்கும் பிலோ அக்கா ஒரு வழி வைத்திருக்கிறார். காலையில் ஓட்டோ வந்து நிற்பதைக் கண்டால், தட்டியை அப்படியே விட்டுவிட்டு நடப்பார். விலைபோகாத நேற்றைய பேப்பர் ஒன்றைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொள்வார். படியடியில் வீதிக்கு இறங்கி, அந்தப் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். பஸ் நிற்கும். டிப்பர் நிற்கும். ஹோர்ன் அடிப்பவர்களை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. றமீஸ் இறங்கி, போய், ஏறுவார். ஏறியதும் பேப்பர் கீழே வரும்.

நேற்று முன்தினம் அப்படி நின்ற வாகனங்களில் சபையின் ஜீப்பும் ஒன்று. உள்ளே நாடா பிடித்த அதே உத்தியோகத்தர். கண்ணாடியை இறக்கினார்.

“கொஞ்சம் பொறுங்க சேர்” என்றார் பிலோ அக்கா, கையை இறக்காமல்.

அவர் பொறுத்தார். வீதியை மறிக்க பிலோ அக்காவுக்கு எந்த லைசன்ஸும் கிடையாது... இதுவரை யாரும் கேட்கவும் இல்லை.